ஒரு சாணுக்குக் குறைவு

சேர் காலமான செய்தி வட்சப்பில் வந்தபோது நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டுச் சுவருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். 1970 அளவில் கட்டிய வீடு, உள்ளே அலுமினியக் கம்பி. செம்பைவிடத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அதைச் சமாளிக்கலாம்; திருகு பூட்டிய இடங்கள் நாளடைவில் தளர்ந்து சூடேறுவதுதான் தொல்லை. நாற்பது வருடமாக இதுதான் என் சோறு. சேரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பௌதிகம் என்றால் நம் காலத்தவருக்கு ஒருவர்தான்.

1981, திருகோணமலை, உயர்தர முதலாம் வருடம், இடைவேளைக்குப் பிந்திய பாடம். பற்றறியில் தொடுத்த குமிழை எரியவைத்துவிட்டு, "சுவிச்சடியில நிக்கிற இலத்திரன் குமிழுக்கு வர எவ்வளவு நேரமடா?" என்று கேட்டார். நான் கையைக்கூட உயர்த்தவில்லை. "ஒளியின் வேகம், சேர்." முதலாம் பிள்ளைக் கொழுப்பு.

சோக்கை எடுத்தார். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 1 அம்பியர். 1 கன மில்லிமீட்டருக்குள் சுயாதீன இலத்திரன்கள் மட்டும் 8.5 × 10¹⁹. வகுத்துக்கொண்டே போனார். கடைசியில் வந்தது செக்கனுக்கு 0.07 மில்லிமீட்டர். மணித்தியாலத்துக்கு 26 சென்றிமீட்டர்.

"எழும்பு. நீதான் இலத்திரன்."

தரையில் ஒரு கோடு, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இன்னொரு கோடு. 40 நிமிடப் பாடம் முடியும்போதுதான் இரண்டாவதைத் தொடவேண்டும். நான் குதியை உயர்த்தாமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தேன். எட்டாம் வகுப்புப் பெடியன்கள் யன்னலில் தொங்கினார்கள். மணி அடித்தபோது எனக்குப் புதுப் பெயர் கிடைத்திருந்தது. இந்தப் பள்ளிக்கூட மலரைப் படிப்பவர்களில் பாதிப்பேருக்கு இன்றும் என் சொந்தப் பெயர் தெரியாது.

நான் தேய்ந்துகொண்டிருக்க, சேர் பாடத்தை நடத்தினார். கம்பி வெறும் குழாய் இல்லை, ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. நிலாவெளி பஸ்ஸில் முன்னால் ஒருவர் ஏற, பின்னால் மிதிபலகையில் நிற்பவர் விழுவதில்லையா? சுவிச்சைப் போட்டதும் மின்புலம்தான் ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் கம்பி முழுக்கப் பரவுகிறது. எல்லா இலத்திரனும் ஒரேயடியாக நகரத் தொடங்குகிறது. அதுகள் சோம்பேறிகளும் இல்லை. தலைதெறிக்க ஓடுகின்றன, ஆனால் நாலாபக்கமும். முட்டி மோதி, மிஞ்சுவது இந்தச் சாண் தூரம். முட்டுவதுதான் தடை, அதனால்தான் சூடு. "இரவு மெயிலில ஏறினா விடியக் கொழும்பில நிப்பாய். இவர் அதுக்குள்ள இந்தக் கரும்பலகையையும் தாண்டமாட்டார்."

வீட்டுக் கரண்டில் இதுவும் கிடையாதாம். செக்கனுக்கு 50 தரம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, நின்ற இடத்தை விட்டுப் போகாது. "ஊர்ப்பற்று," என்றார். வகுப்பு சிரித்தது. அப்போது ஊரை விட்டுப் போகும் யோசனை எங்களில் ஒருவருக்கும் இல்லை.

அவரை மன்னிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது, உண்மையைச் சொன்னால். இங்கே வேலை பழக வரும் பெடியன்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். எல்லாரும் என் பதிலைத்தான் சொல்கிறார்கள். கோடு மட்டும் கீறுவதில்லை.

2012இல் யாரிடமோ எண் வாங்கி எடுத்தேன். பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. "இலத்திரன், சேர்" என்றதும் சிரித்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்டைக்கு வெளிக்கிட்ட நீ நிக்காமப் போயிருந்தா இப்ப எங்க நிப்பாய் தெரியுமோ? வருசத்துக்கு 2.3 கிலோமீட்டர். கொழும்பு ரோட்டில கந்தளாய் தாண்டியிட்டாய், ஹபரணை இன்னும் வரேல்லை." எண்பதை நெருங்கியவர், மனக்கணக்கு!

அடுத்த வருடம் நேரே வருகிறேன் என்றேன். கோணேசர் கோயிலடியில் மான்கள் இன்னும் நிற்கின்றனவா என்று கேட்டேன். நிற்கின்றன என்றார். வைக்கும்போது, "ஹபரணைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு கோல் எடு" என்றார்.

சுவருக்குள்ளிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த வீட்டுப் படியில் இருந்து கணக்குப் பார்த்தேன். 2018 அளவில் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அந்த வருடம் நான் எடுக்கவில்லை.