ஆடிக் காற்றில் மாதிரி விமானம் இறக்கிய மூன்று வாரங்கள்

பாபநாசத்துக்குத் தெற்கே, உளுந்து எடுத்தபின் சம்பாவுக்காகக் காய்ந்து கிடக்கும் எங்கள் வயலில்தான் விமானத்தைப் பறக்கவிடுகிறேன். தென்வடலாக 80 மீட்டர் இருந்தாலும் கிழமேலாக 18 மீட்டர்தான் தேறும். இரு புறமும் வரப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் இந்த வயலுக்கு நேர் குறுக்காக அடிப்பதால், காற்றை எதிர்த்து இறக்க வழியில்லை. எனவே குறுக்குக் காற்றிலேயே இறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். விமானம் இறக்கை நுனிக்கு நுனி 1.2 மீட்டர் உள்ள, ரிமோட்டில் இயக்கும் ஃபோம் பயிற்சி விமானம்.

முதல் வாரம் மூக்கை மேற்கே திருப்பி, வயல் நண்டு நகர்வதுபோல் பக்கவாட்டில் கொண்டுவந்து, அப்படியே தரையில் வைத்தேன். விமானத்தின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், குறுக்குக் காற்று 4 மீட்டர் என்றால் மூக்கு சுமார் 24 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். அந்தக் கோணத்தில் சக்கரம் மண்ணைத் தொட்டதும் கம்பிக்கால் வளைந்து, வலது இறக்கை நுனி வெடிப்பு விட்ட களிமண்ணில் குத்தியது. நான்கு பேர் அமரும் சிறு விமானமான செஸ்னா 172-இன் கையேட்டில் சோதித்துக் காட்டியதாகக் குறித்திருக்கும் குறுக்குக் காற்று 15 நாட் (நொடிக்கு சுமார் 7.7 மீட்டர்). அது அந்த விமானம் இறங்கும் வேகத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. என் விமானமோ ஐந்தில் இரண்டு பங்கைத் தாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வாரம், முழங்கால் உயரத்துக்கு வந்ததும் வால் சுக்கானை வலப்பக்கம் திருப்பி மூக்கை வயலின் நீளத்துக்கு நேராக்கி, காற்று தள்ளாதபடி இடது இறக்கையைச் சற்றே தாழ்த்தி, இடது சக்கரம் முதலில் தொடுமாறு இறக்கினேன். மேற்கு வரப்பில் நின்று, உடலை விமானம் போகும் வடதிசைக்குத் திருப்பி, தோளுக்கு மேலாகப் பார்த்ததால் இடம் வலம் குழம்பவில்லை.

வீச்சுக் காற்றுதான் பெரும் சிக்கலாக இருந்தது. வீச்சு திடீரென அடங்கி விமானத்தின் காற்றுவேகம் 20 விழுக்காடு குறைந்தால், தூக்குவிசை 36 விழுக்காடு குறைந்துவிடும், ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்ஜினை முன்கூட்டியே அணைத்த இரண்டு முறையும் விமானம் தொப்பென்று விழுந்தது. பெரிய விமானங்களில், வழக்கமான காற்றுக்கும் வீச்சுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை இறங்கும் வேகத்தோடு சேர்ப்பார்கள். எனக்கு வழக்கமான காற்று நொடிக்கு 4 மீட்டர், வீச்சு 7 மீட்டர்; இடைப்பட்ட 3 மீட்டரில் பாதி, அதாவது ஒன்றரை மீட்டர். வேகமானி இல்லாததால், சக்கரம் தொடும்வரை த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, கால் பங்கில் விட்டுவைக்கிறேன்.

மூன்றாம் வாரத்தின் பெரிய லாபம் பக்கத்து வயல் பெரியவரிடமிருந்து வந்தது. மேற்கே பம்புசெட் தண்ணீரில் அவர் குறுவை வைத்திருக்கிறார். “பயிரு படுக்குது பாருங்க தம்பி, அடுத்த வீச்சு வருது” என்றார். உண்மையிலேயே பச்சை வெளுத்து ஒரு மடிப்பு எங்களை நோக்கி ஓடிவந்தது. 60 மீட்டர் தொலைவில் அதைக் கண்டுவிட்டால் எட்டு நொடி கிடைக்கிறது; இறங்குவதா, த்ராட்டிலைக் கூட்டி மறுசுற்றுப் போவதா என்று முடிவெடுக்க அது தாராளம்.

நேற்று மாலை ஆறு முறை இறக்கியதில் ஐந்து முறை இடது சக்கரம் முதலில் தொட்டது. ஆறாவது முறை பயிர் படுப்பதைப் பார்த்து மறுசுற்றுக்குத் தூக்கினேன். அடுத்த சுற்றில் காற்று தணிந்திருந்தது, விமானம் நேராக ஓடி வடக்கு வரப்புக்கு நான்கு அடி முன்னால் நின்றது.