மாமாவின் ரெட்டைக்குழல்

07.01.2023, சனி
வட்டையில், அதாவது வயல்வெளியில், வெள்ளாமை குடலைக்கு (கதிர் வெளிவருமுன் உள்ள பருவம்) வந்துவிட்டது. பன்றித் தொல்லை என்று மாமா தன் ரெட்டைக்குழல் துவக்கை வெளியே எடுத்தார். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில்தான், வருடா வருடம் புதுப்பிக்கிறார். ஆகவே வேலை முழுக்க கொக்கட்டிச்சோலையில் அவர் வீட்டு விறாந்தையில், அவர் பக்கத்தில் இருக்க. முதலில் மடித்து, இரண்டு குழலும் வெறுமையா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்த்தேன். சண்டைக் காலத்தில் ஒப்படைத்து, நெடுநாள் கழித்துத் திரும்பிய துவக்கு. வாவிக் காற்றின் உப்பும் சேர்ந்து குழல் முழுக்கச் செந்துரு.

மச்சான் சாண்ட் பேப்பரோடு வந்து நின்றான். "நல்லா உரஞ்சி, கறுப்பு அடிச்சாப் புதுசு மாதிரி இருக்கும்" என்றான். மாமா விடவில்லை: "உரஞ்சினா எழுத்தெல்லாம் போயிரும் மனே."

08.01.2023, ஞாயிறு
இரவு முழுக்கத் தையல் மெசின் எண்ணெயில் ஊறவிட்டது பலித்தது. பழைய செப்புச் சதக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் துரு மட்டும் உதிர்கிறது. செம்பு இரும்பைவிட மெது, கீறல் விழாது. அடியில் பழுப்பு நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். அது இருக்கட்டும், அது அந்தத் துவக்கின் வயது. பிடங்குக்கு, அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதிக்கு, ஈரத்துணி, காய்ந்தபின் சில சொட்டு லின்சீட் எண்ணெய், அவ்வளவே. வார்னிஷ் வேண்டாம்.

14.01.2023, சனி
குழலின் அடித்தட்டையில் முத்திரைகள் துலங்கிவிட்டன: பேர்மிங்காம் சோதனைச்சாலைக் குறி, 'நைட்ரோ ப்ரூஃப்', 1⅛ அவுன்ஸ், சாய்சதுரத்துக்குள் 12 (குழல் விட்டத்தின் அளவெண்), அதன் கீழ் 'சி' (தோட்டா அறையைக் குறிப்பது). 1904க்கும் 1925க்கும் இடைப்பட்ட முத்திரை. புகையற்ற வெடிமருந்துக்குச் சோதித்த குழல், ஈயச் சன்னம் 1⅛ அவுன்ஸ், அதாவது 32 கிராமுக்கு மேல் கூடாது. மச்சானின் சாண்ட் பேப்பர் பட்டிருந்தால் இது எதுவும் மிஞ்சியிராது.

பிறகு குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு விரலால் சுண்டினேன். கோயில் மணி போல நீண்டு ஒலித்தது. இரண்டு குழலையும் இணைக்கும் பட்டியின் ஈயப்பற்று விட்டிருந்தால் கரகரத்திருக்கும். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

22.01.2023, ஞாயிறு
தோட்டா அறையின் உள்ளே, குழல் ஒடுங்கத் தொடங்கும் படிவரை அளந்தேன்: 2½ அங்குலம், 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கான அளவு. மாமாவிடம் இருக்கும் பெட்டியில் 70 மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருக்கிறது. ஆபத்து எங்கே என்றால், அந்தத் தோட்டா தடையில்லாமல் உள்ளே போய் உட்காரும். 70 என்பது வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். விரியும் வாய் குழல் ஒடுங்கும் இடத்தில் போய் அடைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும். நூறு வருடக் குழலில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "உள்ளுக்குப் போகுதே மனே" என்று இரண்டு தரம் கேட்டார். விரிந்த வெற்றுத் தோட்டா ஒன்றைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

சரி, 65 மில்லிமீற்றர் தோட்டா கிடைத்தால், துவக்கு வேலை தெரிந்த ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு சுடலாம். அதுவரை குழல்வாய் கீழே இருக்க நிறுத்திப் பூட்டியாயிற்று. எண்ணெய் பிடங்கின் மரத்துக்குள் இறங்காது. பன்றிக்கு இப்போதைக்கு வாடியில் ரோச் லைட்டும் சீனவெடியும்தான்.