யாரைக் கேட்பது என்பதும் நம் தேர்வே

மனிதன் தன் தேர்வுகளாலேயே தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்னும் மெய்யியலான இருத்தலியல் வாழ வழிகாட்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், 1945 அக்டோபரில் பிரெஞ்சு மெய்யியலாளர் ழான் பால் சார்த்தர் பாரிஸில் ஆற்றிய உரையில் குறிப்பிட்ட மாணவர்தான் என் நினைவுக்கு வருகிறார். அவருடைய அண்ணன் 1940இல் ஜெர்மானியத் தாக்குதலில் உயிரிழந்திருந்தார். தந்தை தாயோடு பிணக்குற்று, பிரான்சை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் பக்கம் சாய்ந்திருந்தார். தாய்க்கு எஞ்சிய ஒரே ஆறுதல் இந்த மகன். இங்கிலாந்து சென்று அவர்களை எதிர்த்த சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயின் அருகிலேயே இருப்பதா என்று கேட்டு வந்தவரிடம், நீ சுதந்திரமானவன், ஆகவே நீயே தேர்ந்தெடு என்ற அளவிலேயே சார்த்தர் பதிலளித்தார்.

முதலில் படித்தபோது இது எனக்கு வெறும் கைவிரிப்பாகவே தோன்றியது. ஆனால் அதே உரையில், ஒருவர் ஆலோசனைக்காக ஒரு பாதிரியாரை நாடினால், எந்தப் பாதிரியார் என்று முடிவு செய்யும்போதே கிடைக்கப்போகும் ஆலோசனையையும் ஏறக்குறைய அறிந்திருக்கிறார் என்றும் சார்த்தர் சொல்கிறார். நோயுற்ற தந்தையோடு இருப்பதற்காகப் பணியை விடுவதா என்று நான் தவித்த மாதங்களில், விட வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களையே தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன் என்பது இந்த வரிகளை மீண்டும் படித்தபோதுதான் புரிந்தது. எடுத்துவிட்ட முடிவை மறைத்துக்கொண்டு, எனக்கு வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்வதையே சார்த்தர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்கிறார். தந்தையின் நோய் என் தேர்வன்று; அதன் எதிரில் நான் எங்கே நிற்கிறேன் என்பது என் தேர்வு.

ஆயினும், நேர்மையாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதுமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. கொடுமையைக்கூட ஒருவர் முழு நேர்மையோடு தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? இங்கே சார்த்தரைவிட, இன்னொரு பிரெஞ்சு இருத்தலியலாளரான சிமோன் த பொவாரே எனக்கு நெருக்கமானவர். என் சுதந்திரம் பிறரின் சுதந்திரத்தையும் விரும்பினாலன்றி முழுமை பெறாது என்று, 1947இல் வெளிவந்த தம் அறவியல் நூலில் அவர் வாதிட்டார். அதைப் படித்த அன்று, இத்தனை பேரைக் கேட்ட நான் தந்தையை மட்டும் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. அவரை என் முடிவுக்குரிய ஒரு பொருளாகவே வைத்திருந்திருக்கிறேன்.

அன்றிரவே அவரிடம் கேட்டேன். நான் வருவதில் தமக்கு மகிழ்ச்சி என்றும், ஆனால் மருந்து வேளைகளையும் மருத்துவரிடம் பேசுவதையும் தாமே பார்த்துக்கொள்ளப்போவதாகவும் அவர் சொன்னார்.