கம்பி எங்கே போனது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரு கம்பி கட்டியிருக்கிறோம். 2 மில்லிமீட்டர் கனம்தான். போன வாரம் காலையில் துணி உதறிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. வெள்ளையடித்த தரையில் அலகும் வாலும் தெரிய அதன் நிழல். கம்பியின் நிழலை மட்டும் காணோம். காக்கை அந்தரத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது!

கட்டியது போக மிச்சமிருந்த கம்பித்துண்டைத் தேடி எடுத்து, தரையை ஒட்டிப் பிடித்தேன். பேனாவால் கோடு இழுத்த மாதிரி நிழல். மெல்லத் தூக்கத் தூக்க, கோட்டின் இரு ஓரமும் கரைந்து, நடுக் கருப்பு மெலிந்துகொண்டே வந்தது. ஒரு சாண் உயர்ந்ததும் கருப்பே இல்லை, வெறும் சாம்பல் பட்டை. இன்னும் தூக்கினால் அதுவும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சூரியன் ஒரு புள்ளியாக இருந்தால் இப்படி ஆகாது. அது நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலத் தட்டு. நிழலின் ஓரத்தில் ஓர் எறும்பு நின்று அண்ணாந்து பார்த்தால், தட்டில் ஒரு பகுதி மறைந்து மிச்சம் தெரியும். அந்த மிச்ச வெளிச்சம்தான் மங்கல். பள்ளிக்கூடத்தில் புறநிழல் என்று படித்தோமே, அது.

கணக்கும் எளிது. சூரியனின் குறுக்களவு சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர், தூரம் சுமார் 15 கோடி. வகுத்தால் 107 சொச்சம். பொருளிலிருந்து நிழல் விழும் இடம் வரை எவ்வளவு தூரமோ, அதில் 107-ல் ஒரு பங்கு ஓரத்தின் மங்கல். அந்த மங்கல் கம்பியின் கனத்தை எட்டிவிட்டால் நடுக் கருப்பு தீர்ந்தது. என் கம்பிக்கு அந்தத் தூரம் 2 மி.மீ. பெருக்கல் 107, கிட்டத்தட்ட 21 செ.மீ. அதாவது என் ஒரு சாண்! சாய்ந்த காலை வெயிலில் கொடியிலிருந்து தரைக்கு 3 மீட்டர் வரும். அங்கே அந்த மெல்லிய நிழல் 3 செ.மீ. அகலத்துக்குப் பரவிக் கரைந்துவிடுகிறது. காக்கையின் உடம்பு அதைவிட எவ்வளவோ அகலம், அதனால் தப்பித்தது.

பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் கிளை எங்கள் மாடிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நிழலுக்குள் காசு காசாக வெளிச்சம் கிடக்கும். இலை இடுக்கு என்ன வடிவமாக இருந்தாலும் விழுவது வட்டம், ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26, நிலா சூரியனின் நடுவை மட்டும் மறைத்து ஓரத்தை வளையமாக விடும் கங்கண சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல் வழியாகப் போனது. காலை 9.30 வாக்கில் அந்தக் காசுகள் அத்தனையும் வளையல்களாகிவிட்டன.

கிரகணம் விடும்வரை வெளியே வரமாட்டேன் என்று அம்மா கீழேயே இருந்தார். கொடியில் காய்ந்த அவருடைய வெளிர் சேலையில் வளையல்கள் விழுந்திருந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது வெயிலா?” என்றார்.