லேசர் இல்லாமல் லேசர் அளவீடு: பிளாஸ்மா சிமுலேஷன் செய்து முடிச்ச அனுபவம்

கிளிநொச்சியில இருந்து பிளாஸ்மா, அதாவது அயனும் இலத்திரனுமாப் பிரிஞ்சு கிடக்கிற வாயு, படிக்கிறன் எண்டு சொன்னால் எல்லாரும் கேக்கிறது லேசர் எங்க கிடக்கு எண்டுதான். லேசரும் இல்லை, வெற்றிட அறையும் இல்லை, மாஸ்டர்ஸ் ப்ரொஜெக்டுக்கு சேர் தந்தது, பிளாஸ்மாவில எவ்வளவு நெகட்டிவ் அயன் இருக்கு எண்டு லேசரால அளக்கிற முறையைக் கொம்பியூட்டரில செய்து பாக்கிற சிமுலேஷன், அது பரந்தனில வீட்டு லப்டொப்பிலயே ஓடி முடிஞ்சுது.

ஐதரசன் அணுவோட கூட ஒரு இலத்திரன் ஒட்டினால் நெகட்டிவ் அயன், அந்த ஒட்டைப் பிரிக்க வெறும் 0.754 இலத்திரன் வோல்ட் சக்திதான் வேணும். 1064 நனோமீற்றர் லேசரின்ர ஒரு போட்டோன் 1.165, பட்டவுடன இலத்திரன் கழண்டிடும். பிளாஸ்மாவுக்குள்ள நேர் வோல்ற்றேஜ் குடுத்த மெல்லிய கம்பி ஒண்டு நிக்கும், அதைச் சுத்தி லேசர் போனால் கம்பியில வாற கரண்ட் டக்கெண்டு ஏறும், ஏறின அளவை முந்தின கரண்டால பிரிச்சால் இலத்திரனுக்கு எத்தனை பங்கு நெகட்டிவ் அயன் எண்டு வந்திடும். 1979இல மார்த் பகாலும் கூட்டாளிமாரும் எழுதின முறை இது. பிரான்சில கட்டுற ஐட்டர் இணைவு உலையைச் சூடாக்கிற கற்றைகளுக்கும் நெகட்டிவ் அயன்தான் மூலம், அதால இப்பவும் மவுசு குறையேல்ல. ஒட்சிசனுக்கு இந்த லேசர் சரிவராது, அங்க 1.46 வேணும், 532 பச்சை லேசருக்குப் போகோணும்.

கோட் எழுத முதல் கொப்பியில கணக்குப் பாருங்கோ. நான் எடுத்தது ஒரு கன மீற்றருக்கு 10இன் 16ஆம் அடுக்கு இலத்திரன், வெப்பநிலை 1 இலத்திரன் வோல்ட். டிபாய் நீளம், அதாவது ஒரு ஏற்றத்தின்ர பாதிப்பை பிளாஸ்மா மறைச்சுப் போடுற தூரம், 74 மைக்ரோமீற்றர் வரும், இடத்தைப் பிரிக்கிற கட்டம் அதை விடச் சின்னனா இருக்கோணும். நேரப்படி, அதாவது கணக்கு ஒரு தரம் முன்னுக்குப் போற நேரம், துல்லியத்துக்கு 35 பிக்கோசெக்கனுக்குள்ள வைக்கிறது வழக்கம், அதின்ர பத்து மடங்கைத் தாண்டினால் எல்லாம் வெடிச்சுச் சிதறும். லேசர் சிக்னல் ஒண்டு ரெண்டு மைக்ரோசெக்கன்தான், ஆனா அதுக்கு முதல் பிளாஸ்மா நிலைக்கு வரோணும், அயன் மெதுவாத்தான் நகரும், 20 மைக்ரோசெக்கன் விட்டால் ஆறு லட்சத்துக்குக் கிட்டப் படி. உண்மையா நேரம் போறது இந்தக் காத்திருப்பிலதான், லேசர்ல இல்லை. வீட்டுக் கரண்ட் போறதும் வாறதும் எங்கட பக்கம் தெரியும்தானே, அதால இடைக்கிடை நிலையை பைலில சேமிக்கிற மாதிரி எழுதினன், நிலைக்கு வந்த அந்த பைல் கையில இருந்தால் பிறகு லேசரை எத்தினை தரமும் அதில இருந்தே அடிக்கலாம். சோளகம் வீசின நாளில லப்டொப் கொஞ்சம் மூச்சு விட்டுது.

லேசரைக் கோட்டில போடுறது பாக்க சப்பை. கற்றைக்குள்ள நிக்கிற ஒவ்வொரு நெகட்டிவ் அயனையும் அழிச்சு அதே இடத்தில ஒரு இலத்திரனை வைக்கிறது, மிஞ்சின 0.41 இலத்திரன் வோல்ட்டை அதுக்கு வேகமாக் குடுக்கிறது, அவ்வளவுதான். கற்றை ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 50 மில்லிஜூல் எண்டால் கிட்டத்தட்ட எல்லாமே கழண்டிடும், அதால நிகழ்தகவு போட்டு மினக்கெடத் தேவையில்லை. ஆனா எனக்கு இதிலதான் கன நாள் மண்டை காஞ்சது. ஏற்றம் மாறவே இல்லை, போனது ஒரு மைனஸ், வந்ததும் ஒரு மைனஸ், அந்தக் கணத்தில மின்புலமும் அப்பிடியே கிடக்கு, அப்ப கரண்ட் ஏன் ஏறுது? அறுவடை நேரம் ஏ9 ரோட்டில நெல்லு மூட்டையோட ஊருற லாண்ட்மாஸ்டர் எல்லாம் ஒரே நொடியில மோட்டர்சைக்கிளா மாறினால் எப்பிடி இருக்கும், ரோட்டில வண்டி எண்ணிக்கை அதேதான், ஆனா முறிகண்டிப் பிள்ளையாரைக் கடக்கிறது எத்தினை மடங்கு கூடும்? ஐதரசன் நெகட்டிவ் அயன் இலத்திரனை விட 1838 மடங்கு பாரம், கம்பி பாக்கிறது அந்த வேக வித்தியாசத்தைத்தான்.

அடுத்தது கற்றையின்ர அகலம். இலத்திரனுக்கு நெகட்டிவ் அயன் எண்டு நான் உள்ள போட்ட பங்கு 0.2. கற்றை அகலமா இருக்கேக்க சிக்னல் ஏறி அதுக்குக் கிட்ட ஒரு தட்டையில நிண்டுது, ஒடுக்க ஒடுக்க ஒரு கட்டத்துக்குப் பிறகு தட்டை கீழ இறங்கத் தொடங்கிச்சு, ஏனெண்டால் கம்பி இலத்திரனை இழுக்கிற வட்டம் கற்றையை விடப் பெருசாப் போயிட்டுது, வெளியால மாறாத இடத்தில இருந்தும் வருது. ஆய்வகத்தில அளக்கிற ஆக்களும் கற்றை விட்டத்தை மாத்தி மாத்திப் பாக்கிறது இதுக்குத்தான். என்னைக் கேட்டால் தீசிஸில போட வேண்டிய முதல் வரைபு இதுதான், சேர் வேற ஒண்டை முன்னுக்குப் போடச் சொன்னார், அது அவற்ற விருப்பம்.

சிக்னல் விழுற பக்கத்தையும் வெட்டி எறியாதேங்கோ. வெளியில நிண்ட நெகட்டிவ் அயன் வெறுமையான கற்றைக்குள்ள திரும்ப வாற வேகம் அதில இருக்கு, 0.1 இலத்திரன் வோல்ட் எண்டால் மைக்ரோசெக்கனுக்கு 3 மில்லிமீற்றர் அளவு. முதல் லேசருக்குப் பிறகு கொஞ்சம் விட்டு ரெண்டாவது ஒண்டை அடிச்சுப் பாத்தால் எவ்வளவு நிரம்பியிருக்கு எண்டு தெரியும், அதில இருந்து அயனின்ர வெப்பநிலையே எடுக்கலாம். இதில இரைச்சல் கூட, ஒரு ஓட்டத்தை நம்பேலாது, அதே சேமிச்ச பைலில இருந்து வேற வேற ராண்டம் எண்ணோட ஓட்டி சராசரி எடுத்தாத்தான் கோடு தெளியும், நாலு மடங்கு ஓட்டினாத்தான் இரைச்சல் பாதியாகும், அதைக் கணக்கில வச்சு நாளை ஒதுக்குங்கோ.