அரசு ஆர்டருக்கு அட்வான்ஸ்: அலைந்து வாங்கிய அனுபவம்

"சப்ளை முடிச்சு பில் போடுங்க சார். கவர்ன்மென்ட்ல அட்வான்ஸெல்லாம் கிடையாது." புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலக கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 செல்லும். அதில் 172-ஆம் விதியைப் படியுங்கள். சரக்கு வந்த பிறகே பணம் என்பது பொது வழக்கம். ஆனால் ஃபேப்ரிகேஷன் (ஆர்டருக்கென்றே செய்து தருவது), டர்ன்கீ (மொத்த வேலையையும் முடித்துக் கையில் கொடுப்பது) வேலைகளுக்குத் தனியாருக்கு ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதம், அரசு நிறுவனங்களுக்கு 40 சதவீதம் வரை முன்பணம் தரலாம். ஏசி, கம்ப்யூட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் ஆறு மாதத் தொகை வரை. ஈடாக பேங்க் கேரண்டி (நாம் தவறினால் பணத்தைத் தான் தருவதாக வங்கி எழுதித் தரும் உறுதி) போன்ற பாதுகாப்பு வேண்டும்.

என் ஆர்டர் ரெக்கார்டு ரூமுக்கு இரும்பு ரேக். அவர்கள் டிராயிங்குக்கு அறுத்து வெல்டிங் வைத்துவிட்டால் வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. முன்பணம் கேட்க நியாயம் அங்கேதான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் நாற்காலியை வாங்கிக் கொடுப்பவர் கேட்டால் மறுப்பதே சரி, மக்கள் பணம். இதைக் கடிதமாக எழுதி, டெண்டர் நிபந்தனையில் இருந்த முன்பண வரியையும் இணைத்துத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். "அப்படி லெட்டரே வரலையே" என்றபோது அந்த நகல்தான் கைகொடுத்தது. கணக்கு அதிகாரி படித்ததும் ஒப்புதல் வந்துவிட்டது.

பெரிய அலைச்சல் பேங்க் கேரண்டியில். என் கணக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வங்கி தன் வழக்கமான மாதிரியிலேயே அடித்துக் கொடுத்தது. 'ஒப்பந்ததாரர் தவறியது நிரூபணமானால்' என்று அதில் ஒரு வரி. அலுவலகத்துக்கோ கேட்டவுடன் பணம் வர வேண்டும். காலாவதியும் டெலிவரி தேதியோடு நின்றது. முன்பணம் முழுக்கக் கழியும்வரை இருக்க வேண்டுமாம். மறுபடி ஸ்டாம்ப் பேப்பர், மறுபடி பஸ். திருத்தி எடுத்துப்போனால், "பேங்க்ல இருந்து நேரா வரணும்" என்று கவரைப் பிரிக்கவே இல்லை. போலி கேரண்டியைத் தடுக்கத்தான், புரிகிறது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

அதனால், அலுவலக மாதிரியை முதலில் வாங்குங்கள். வங்கி தரும் வரைவை வெள்ளைத்தாளில் காட்டி சரி வாங்கிய பிறகே ஸ்டாம்ப் பேப்பர். மார்ஜினுக்கு, அதாவது கேரண்டிக்கு ஈடாக, வங்கி நம் எஃப்.டி.யில் (நிரந்தர வைப்புத்தொகையில்) எவ்வளவு முடக்கும் என்பதையும் கேளுங்கள். முன்பணம் அளவுக்கே முடக்கினால் வாங்கி என்ன பயன்? டெண்டரில் முன்பண வரி இல்லையா, டெண்டர் போடும் முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ஒர்க் ஆர்டருக்குப் பிறகு சேர்க்கச் சொல்வது டெண்டரில் விலை கொடுத்துப் போட்டியிட்ட மற்றவர்களுக்கு அநியாயம்.

கடலூரில் மாநில அரசு டெண்டர் எடுப்பவர்கள் 172-ஐ நீட்டாதீர்கள். அங்கே தமிழ்நாட்டின் 1998 டெண்டர் சட்டமும் மாநில விதிகளும்தான்.

முன்பணம் கணக்கில் ஏறிய அன்றே ரேக்குக்கு இரும்புத் தகடு வாங்கிவிட்டேன். பில்லுக்குப் பில் முன்பணத்தைக் கழித்தார்கள். கடைசி பில் முடிந்ததும் கேரண்டி ஒரிஜினலைக் கேட்டு வாங்கி வங்கியில் ஒப்படையுங்கள்; அதுவரை எஃப்.டி.யை விடமாட்டார்கள்.