சாமி மாடத்தில் ஒரு பேஸ்பால்

கிரிக்கெட்டே பேச்சாயிருந்த, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில், ஒன்பது வயது மகனுக்குப் பேஸ்பால் பித்துப் பிடித்ததிலிருந்து, பூரிக்கட்டை காணாமல் போனால் கொல்லைப்புறத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஆடிய முதல் வீரரான நம் நாட்டு கிஃப்ட் ங்கோபே, 2017 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக முதன்முறை மட்டை பிடித்தபோதே பந்தை அடித்து முதல் தளத்தை எட்டிய கதையைக் கேட்காமல் எங்களுக்கு இரவுச் சோறு கிடைப்பதில்லை. (விதிகள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

நேற்று அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, என் அம்மாவின் விரலைப் பிடித்துப் பந்தின் சிவப்புத் தையலைத் தடவ வைத்து, "ஆயா, இதில் 108 இரட்டைத் தையல் இருக்கிறது" என்றான். ஜபமாலையின் கணக்கல்லவா என்று அவர் பந்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, நேரே சாமி மாடத்தில் வைத்துவிட்டார். இன்று காலை அவன் அதைத் திரும்பக் கேட்டபோது, விபூதி பூசித்தான் கொடுத்தார்.